அஸ்திவாரத்துக்கு முந்திய செலவு: வெறும் நிலத்தை மனையாக்கத் திட்டமிடும் முறை

வீட்டின் செலவைச் சதுர மீட்டர் கணக்கில் மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூட, நிலத்தைச் சீர்செய்யும் செலவை மட்டும் ‘இவ்வளவு ஆகலாம்’ என்று ஒரே தொகையாக எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்த ஒற்றைத் தொகைதான் பிறகு பொய்த்துப்போகிறது. இதைத் தவிர்க்க, பணத்தில் தொடங்காமல் அளவில் தொடங்க வேண்டும்: எத்தனை கன மீட்டர் மண், எத்தனை மீட்டர் குழாய், எத்தனை மரம் என்று எண்ணிய பிறகே விலையை எழுத வேண்டும்.

ஆகவே முதல் செலவு நிலத்தை அறிவதற்கானது. எல்லைகளுடன் மேடுபள்ளங்களையும் காட்டும் அளவை வரைபடமும், கட்டடம் அமையவுள்ள இடத்தில் துளையிட்டுச் செய்யும் மண் பரிசோதனையும் இல்லாமல் எவரிடமும் விலை கேட்பதில் பயனில்லை. ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் சுருங்கும் களிமண்ணா, ஏற்கெனவே யாரோ கொட்டி நிரப்பிய மண்ணா, சிறிது ஆழத்திலேயே பாறையா, நிலத்தடி நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பவை அஸ்திவாரத்தின் வகையையே மாற்றிவிடும். இந்தப் பரிசோதனையில் மிச்சம் பிடிப்பதைப் போன்ற வீண் சிக்கனம் வேறில்லை என்பது என் கருத்து.

அதிகமாகத் தவறுவது மண் கணக்கில்தான். 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள மனையைச் சராசரியாக அரை மீட்டர் உயர்த்த வேண்டும் என்று கொள்வோம். 200 சதுர மீட்டரை 0.5 ஆல் பெருக்கினால் 100 கன மீட்டர். லாரி ஒன்றுக்கு 10 கன மீட்டர் என்றால் 10 நடை போதும் என்று தோன்றும். ஆனால் புல்லும் வேரும் மட்கும் கலந்த மேல்மண் நாளடைவில் மக்கி இறங்கும் என்பதால், நிரப்புவதற்கு முன் அதை வழித்தெடுக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் வழித்தால், அந்தக் குழியை அடைக்க இன்னும் 40 கன மீட்டர் தேவை. அதோடு, லாரியில் வருவது தளர்ந்த மண். கெட்டித்தால் அது குறுகும். 30 விழுக்காடு கூடுதலாக வைத்தால் 140 கன மீட்டருக்கு ஏறத்தாழ 182 வாங்க வேண்டியிருக்கும். அதாவது 10 நடை என்று நினைத்த வேலை 18, 19 நடையில் முடியும். மண்ணை மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் உருளையை ஓட்டினால் அடியில் கெட்டிக்காது. 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் பரப்பி, அளவான ஈரத்தில் இறுக்க வேண்டும் என்பதால், தண்ணீர், உருளை வாடகை, மண் போதிய அளவு இறுகியதா என்று பார்க்கும் அடர்த்திச் சோதனை ஆகியவற்றுக்கும் தனித்தனியே தொகை எழுத வேண்டும். வழித்த மேல்மண்ணை ஓரமாகக் குவித்து வைத்தால் பிறகு தோட்டத்துக்கு மண் வாங்கத் தேவையில்லை.

சரிவான நிலத்தில் தடுப்புச் சுவர் செலவு உயரத்துக்கு ஏற்ப நேர்விகிதத்தில் கூடுவதில்லை. சுவரின் உயரம் இரு மடங்கானால் மண் அதைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. சுவரை அடியிலிருந்து சாய்த்துக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசையோ எட்டு மடங்காகிறது. எனவே இடம் இருந்தால், ஒரே உயரமான சுவருக்குப் பதிலாகப் போதிய இடைவெளிவிட்டுப் படிப்படியாகக் குட்டைச் சுவர்கள் கட்டும் செலவையும் கேட்டு ஒப்பிடலாம். எந்தச் சுவரானாலும் பின்புறம் நீர் வடிய வழி இருக்க வேண்டும். அதைத் தவிர்த்துக் குறைத்த விலை உண்மையில் குறைந்த விலையன்று. கட்டடத்தைச் சுற்றி முதல் 3 மீட்டருக்குள் தரை ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் வெளிப்புறமாகச் சரிய வேண்டும் என்பதையும் மண் கணக்கிலேயே சேர்த்துவிட வேண்டும்.

மின்சாரம், குடிநீர், கழிவுநீர் ஆகியவற்றில் செலவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தூரம்தான். இணைப்புக் கட்டணம் மட்டுமே முழுச் செலவு என்று எண்ணக் கூடாது. கழிவுநீர்க் குழாய்த்தொடர் இல்லாத இடத்தில், மண் நீரை உறிஞ்சும் வேகத்தைச் சோதித்த பிறகே கழிவுநீர்த் தொட்டிக்குத் தொகை குறிக்க முடியும். கனரக வண்டிகள் உள்ளே வரத் தற்காலிகப் பாதையும் தேவைப்படும். அனுமதிக் கட்டணங்களும் மரங்களை அடிவேரோடு அகற்றும் கூலியும் சிறியவைதாம், ஆனாலும் விடுபடக் கூடாதவை.

விலைப்புள்ளி கேட்கும்போது எல்லோரிடமும் ஒரே அளவுப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். மண்ணை லாரியில் அளப்பதா, இறுக்கிய பின் தரையில் அளப்பதா என்பதும், பாறை தென்பட்டால் கன மீட்டருக்கு என்ன விலை என்பதும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். தோண்டும் இயந்திரம் பாறையில் முட்டி நின்ற பிறகு அதற்கான விலையைப் பேசினால், பேரம் பேசும் நிலையில் நாம் இருக்க மாட்டோம்.

மண் பரிசோதனை முடிந்த நிலத்துக்கு மொத்தத்தில் 10 முதல் 15 விழுக்காடும், பாறையோ பழைய நிரப்பு மண்ணோ இருக்கலாம் என்ற ஐயம் நீங்காத நிலத்துக்கு 25 விழுக்காடு வரையும் எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்குவேன். மண் வேலை முடிந்துவிட்டது என்பதற்காக அந்தத் தொகையை வேறு வேலைக்குத் திருப்பிவிடாமல், அஸ்திவாரக் குழிகளைத் தோண்டி, அவற்றின் அடித்தளத்தைப் பொறியாளர் பார்த்து ஒப்புக்கொள்ளும் நாள் வரை அப்படியே வைத்திருக்க வேண்டும்.