டர்பனில் தமிழ் அலமாரியைப் பொறுப்பேற்கும் நூலகருக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு நூலகத்தின் அல்லது தமிழ்ச் சங்கத்தின் தமிழ் அலமாரியைப் பொறுப்பேற்பவர், அந்நூல்களை இரவல் வாங்கிப் படிப்போர் மிகச் சிலரே என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். பாட்டனாரின் பெட்டியில் கிடைத்த பழைய நூலையோ தாளையோ கொண்டுவந்து, இது என்ன என்று கேட்போருக்கே இன்று நூலகர் அதிகம் தேவைப்படுகிறார். ஆகவே நூல் வழங்குவதைவிட, நூலையும் ஆவணத்தையும் அடையாளங்கண்டு விவரிப்பதற்கே உங்களைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

அதற்கு முதற்படி நூற்பட்டியல். பழைய அட்டைகளில் தமிழ்த் தலைப்புகள் பெரும்பாலும் தட்டச்சு செய்தவரின் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் இருக்கும்; ஒரே நூல் மூன்று எழுத்துக்கூட்டல்களில் மூன்று இடங்களில் கிடந்தால், தேடுபவருக்கு அது இல்லாத நூலே. யூனிகோடில் தமிழ் தட்டச்சு செய்யவும், அமெரிக்க நூலகச் சங்கமும் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகமும் தமிழை உரோமன் எழுத்தில் தர வகுத்த ஒலிபெயர்ப்பு முறையைக் கையாளவும் கற்றுக்கொள்ளுங்கள். கணினி நூற்பட்டியலுக்கான தர வடிவமான மார்க் 21 பதிவின் 245ஆம் புலத்தில் உரோமன் எழுத்தில் தரும் தலைப்பை, 880ஆம் புலத்தில் தமிழ் எழுத்தில் இணைக்கலாம். தமிழ் படிக்கத் தெரியாத பேரனும் சென்னையிலிருந்து தேடும் ஆய்வாளரும் ஒரே பதிவை அடைவார்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு வகுக்கும் தூயி பகுப்பில் தமிழ்மொழிக்கு 494.811, தமிழ் இலக்கியத்துக்கு 894.811. மென்பொருளுக்குப் பணமில்லை என்பது தயங்கக் காரணமாகாது: நியூசிலாந்தில் உருவான கோஹா என்னும் நூலக மென்பொருள் உரிமக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆசிரியர் பெயரை முதலெழுத்தின்கீழ் வைக்காமல் இயற்பெயரின்கீழ் வையுங்கள். பிள்ளை, முதலி, படையாச்சி போன்ற பெயர்கள் இந்நாட்டுப் பதிவேடுகளில் பல வடிவங்களில் இருப்பதால், ஒவ்வொன்றிலிருந்தும் முதன்மை வடிவத்தைப் பார்க்கச் சொல்லும் வழிகாட்டுப் பதிவு தர வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், எனினும் இதைத் தவிர்த்துவிட்டு அலமாரிகளை ஒளிப்படம் எடுத்து இணையத்தில் ஏற்றுவதை எண்ணிமமாக்கம் என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அடுத்தது குலவழித் தேடல். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 ஒப்பந்தத் தொழிலாளர் டர்பன் அடங்கிய நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண் தரப்பட்டது. கப்பல் பட்டியலில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் ஆகியவை பதிவாயின. கேட்டு வருபவரிடம் குடும்பப் பெயரிலிருந்து தொடங்காமல், பழைய பிறப்பு, திருமணச் சான்றுகளில் அந்த எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஊரைக் கண்டறியப் பழைய மாவட்ட எல்லைகள் தெரிந்திருக்க வேண்டும். பட்டியலில் வடஆற்காடு என்றிருந்தால், அவ்வூர் இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஒன்றிலோ ஆந்திரத்துச் சித்தூர்ப் பக்கமோ இருக்கக்கூடும். சாதி பற்றிய பத்தியைக் காட்டுமுன், அது அலுவலர் கேட்டு எழுதியது, பிழையாகவும் இருக்கலாம் என்று சொல்லிவிடுவது நல்லது. வந்து கேட்போரின் சொந்த விவரங்களை எழுதி வைத்தால், 2013ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்களையும் கட்டுப்படுத்தும்.

கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டக் கூடாது. இப்போதைக்கு அமிலமற்ற உறை போதும்.

பயிற்சிக்கு, 1997இல் தொடங்கப்பட்ட லியாசா என்னும் தென்னாப்பிரிக்க நூலகத் தகவல் சங்கத்தில் சேருங்கள். பட்டியலாக்கம் போன்ற துறைக்குழுக்களில்தான் உங்கள் ஐயங்களுக்கு விடை சொல்லக்கூடியவர்களைச் சந்திப்பீர்கள். பட்டம் வேண்டுவோர் வேலையை விடாமல் யூனிசா என்னும் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில் தகவலியல் படிக்கலாம். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்துக்குச் சென்று, இந்திய வம்சாவளியினரின் தாள்களை அங்கு எப்படி வகைப்படுத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள்; எந்த ஒருநாள் பட்டறையையும்விட அது பயன் தரும்.

நூலக நிர்வாகமோ சங்கக் குழுவோ பயிற்சிக்கு நேரம் தரத் தயங்கினால், இரவல் கணக்கைக் காட்டி வாதாடாதீர்கள். அது உங்களுக்கு எதிராகவே பேசும். வரும் ஒவ்வொரு கேள்வியையும், கேட்டவர் பெயரின்றி, தேதியோடும் அதற்கு விடை கிடைத்ததா என்ற குறிப்போடும் ஒரு பதிவேட்டில் எழுதி வாருங்கள். விடை கிடைக்காத கேள்விகளின் பக்கங்களையே விண்ணப்பத்தோடு இணையுங்கள்.