மதிப்பெண் சரி, அளந்தது எதை?

மனச்சிதைவு உள்ள ஒருவருக்குக் காதில் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் எழுந்து குளித்து, பஸ் பிடித்து, வேலைக்குப் போய்வருகிறார். இன்னொருவருக்குக் குரல்கள் அடங்கிப் பல மாதமாயிற்று, ஆனால் பாயை விட்டு எழுவதில்லை. மனநோயாளியின் நிலையை ஒரே எண்ணில் சொல்லும் ஜி.ஏ.எஃப். (GAF) அளவுகோலில் இந்த இருவருக்கும் ஒரே மதிப்பெண் விழலாம்.

காரணம் அதன் விதியிலேயே இருக்கிறது. 1 முதல் 100 வரை போகும் அந்த ஒற்றை எண்ணில் நோய்க்குறியும் அன்றாடச் செயல்பாடும் சேர்ந்தே அடங்கும். இரண்டில் எது மோசமோ அதையே போட வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1987 முதல் மனநோய்களை வகைப்படுத்தும் தன் டி.எஸ்.எம். (DSM) கையேட்டில் வைத்திருந்த இந்த அளவுகோலை 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் கைவிட்டது. கருத்துத் தெளிவின்மையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. இன்றும் ஆய்வுகளில் இதை வைத்து ‘செயல்பாட்டை அளந்தோம்’ என்று எழுதுவதுதான் முதல் தவறு.

அதோடு ஒட்டியது ஏற்புடைமைத் தவறு, அதாவது அளக்க வேண்டியதைத்தான் அளவுகோல் அளக்கிறதா என்பதில் வரும் தவறு. ஜி.ஏ.எஃப். மதிப்பெண் நோய்க்குறி அளவுகோலான பான்ஸுடன் நன்றாக ஒத்துப்போகிறது, ஆகவே ஏற்புடையது என்பார்கள். நோய்க்குறியை உள்ளேயே வைத்திருக்கும் எண் அதோடு ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? செயல்பாட்டை மட்டும் பிரித்துப் பார்க்கத்தான் சோஃபாஸ், பி.எஸ்.பி. போன்ற அளவுகோல்கள் பின்னால் வந்தன.

நம்பகத்தன்மையில், அதாவது யார் அளந்தாலும் எப்போது அளந்தாலும் அதே மதிப்பெண் வருகிறதா என்பதில், அதிகம் கண்ணில் படும் தவறு ஒட்டுறவுக் கெழுவை (இரு எண் வரிசைகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று சொல்லும் எண்) உடன்பாடாக எடுத்துக்கொள்வது. ஒரு மருத்துவர் 45, 50, 60 போடுகிறார். இன்னொருவர் அதே நோயாளிகளுக்கு 55, 60, 70. ஒட்டுறவு அப்பட்டமாக 1. ஆனால் ஒரு நோயாளி விஷயத்தில்கூட இரு மருத்துவர்களும் ஒத்துப்போகவில்லை; பத்துப் புள்ளி என்றால் ஜி.ஏ.எஃபில் ஒரு முழுப் படி. மதிப்பெண்களே ஒன்றாக இருக்கின்றனவா என்று, அதாவது உடன்பாட்டைச் சோதிக்கும் வகை ஐ.சி.சி. (ICC) என்ற கெழுவைப் போட்டால் இது உடனே வெளிப்பட்டுவிடும். கிரான்பாக் ஆல்ஃபா என்ற கெழுவும் இதற்கு உதவாது. ஓர் அளவுகோலின் கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா என்பதை மட்டுமே அது சொல்லும். ஒரே கேள்வியை நாலு விதமாகக் கேட்டாலும் ஆல்ஃபா எகிறும். (ஜி.ஏ.எஃபுக்கு ஆல்ஃபா கணக்கிடவே முடியாது, இருப்பதே ஒரு எண்தானே.)

பயிற்சி பெற்றவர்கள் நிதானமாகப் பேட்டி எடுத்துப் பெற்ற நம்பகத்தன்மைக் கெழுவை, நெரிசலான புறநோயாளிப் பிரிவில் ஐந்து நிமிடத்தில் போட்ட மதிப்பெண்ணுக்குக் கடன் வாங்குவதும் நடக்கிறது. நம்பகத்தன்மை தாளில் அச்சாகி வருவதில்லை. உங்கள் ஆட்களை வைத்து, உங்கள் நோயாளிகளிடம் பார்த்தாக வேண்டும்.

இந்தியாவில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் பயன்படும் ஐடியாஸ் (IDEAS) அளவுகோலுக்கு வேறொரு சிக்கல். சுயபராமரிப்பு, பிறருடன் பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை (0 என்றால் சிரமம் இல்லை). இதோடு நோய் நீடித்த ஆண்டுகளுக்கும் மதிப்பெண் உண்டு. சான்றிதழுக்கு அது நியாயமே. ஆனால் சிகிச்சையால் முன்னேற்றம் வந்ததா என்று பார்க்க அந்த மொத்த மதிப்பெண்ணை எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள்: நோயாளி எவ்வளவு தேறினாலும் ஆண்டுக் கணக்கு குறையாது. நான்கு பகுதிகளையும் தனியாகப் பாருங்கள். சான்றிதழில் 40 சதவீதக் குறைபாடுதான் சலுகைக்கு வாசல் என்பதால், ஒரு புள்ளி அங்கே இங்கே போனாலும் சலுகை போய்விடும். ஆகவே சராசரி உடன்பாட்டைவிட அந்த எல்லைக்கோட்டருகே உள்ள உடன்பாட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வேலைப் பகுதியில் இன்னொன்று. வீட்டார் வேலைக்கு அனுப்பாத பெண்ணுக்கு ‘வேலை செய்வதில்லை’ என்று குறித்தால் அளப்பது வீட்டின் வழக்கத்தை. வீட்டு வேலையையும் படிப்பையும் கணக்கில் எடுக்க ஐடியாஸில் இடம் உண்டு, கேட்கத்தான் மறந்துவிடுகிறோம்.

அப்புறம், எங்கே வைத்து அளந்தோம் என்பது. வார்டில் சொன்ன நேரத்துக்குக் குளியல், தட்டில் சோறு; சுயபராமரிப்புக்கு 0 போடுகிறோம். வீட்டுக்குப் போன மூன்றாம் வாரம் அம்மாவைக் கேட்டால், நாலு நாளாகக் குளிக்கவில்லை என்கிறார், மதிப்பெண் 3. இதைப் பார்த்து ‘மறுசோதனை நம்பகத்தன்மை குறைவு’ என்று எழுதிவிடுகிறோம். வீட்டில் குளிக்கச் சொல்ல நர்ஸ் இல்லை, அவ்வளவுதான்.