கேம்பர் வேனில் கேஸ் ஃபிரிட்ஜ்: ஆபத்தில்லாமல் ஓட்டுவது எப்படி

படுத்துத் தூங்கும் வசதி செய்த கேம்பர் வேனில் கேஸ் ஃபிரிட்ஜ் வைத்திருக்கிறவர்கள் முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியது, அது ஃபிரிட்ஜ் உருவத்தில் இருக்கிற ஓர் அடுப்பு என்பதைத்தான். பின்பக்கம் கீழே ஒரு சின்ன பர்னர் ராத்திரி பகலாக எரிகிறது. அந்தச் சூட்டில் தண்ணீரில் கரைந்திருக்கும் அம்மோனியா ஆவியாகப் பிரிந்து, மேலே போய்க் குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் மறுபடி ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கிற சூட்டை இழுத்துக்கொள்கிறது. கம்ப்ரசர் கிடையாது, சத்தமும் கிடையாது. அடுப்பைப் பூட்டிய அறையில் எரியவிட்டுத் தூங்குவோமா? இங்கேயும் அதே கணக்குதான்.

அதனால் முதல் வேலை காற்று. வேனில் நிலையாகப் பொருத்தும் ஃபிரிட்ஜுக்கு வெளிச்சுவரில் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு ஜன்னல் தட்டி இருக்கும். கீழே காற்று நுழைந்து, சூடாகி, மேலே வெளியேறும். புகைக்குத் தனிக் குழாய் உண்டு. ஃபிரிட்ஜின் பின்பக்கத்துக்கும் நீங்கள் படுக்கிற இடத்துக்கும் நடுவில் இடைவெளியே இல்லாமல் அடைத்திருக்க வேண்டும். சொந்தமாக வேன் கட்டுகிறவர்கள் நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான், தெர்மோகோலை நாலு துண்டு சொருகிவிட்டு அடைத்தாயிற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். வெளித் தட்டியை ஒருபோதும் மூடாதீர்கள். குளிர்காலத்துக்கென்று கம்பெனியே கொடுக்கும் மூடி இருந்தால், அவர்கள் சொல்கிற குளிரில் மட்டும் போடுங்கள். இன்னொன்று, கையில் தூக்கிப் போகிற மூன்று வழி ஃபிரிட்ஜ்களில் (கேஸ், 12 வோல்ட் பேட்டரி, வீட்டு மின்சாரம் மூன்றிலும் ஓடுபவை) புகைக்கு வழி கிடையாது. அதை வேனுக்குள் கேஸில் ஓட்டவே கூடாது, ஜன்னலைத் திறந்து வைத்தாலும் சரி. வெளியே, காற்றாடும் நிழலில் வைத்து ஓட்டுங்கள்.

தீ சரியாக எரியாதபோது வரும் விஷ வாயுவான கார்பன் மோனாக்ஸைடுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தூக்கத்தில் ஆளை முடித்துவிடும். அதற்கு ஓர் அலாரம், கேஸ் கசிவுக்கு ஓர் அலாரம், இரண்டுமே வேண்டும், ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. சிலிண்டரில் இருக்கிற புரோப்பேன் கேஸ் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், கசிந்தால் தரையில் போய்த் தேங்கும். அதனால் கேஸ் அலாரத்தைத் தரைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். கார்பன் மோனாக்ஸைடு அலாரத்தை அதனுடன் வரும் தாளில் சொல்லியிருக்கிற உயரத்தில். சிலிண்டர் இருக்கிற பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் ஓட்டை இருப்பதும் இதே காரணத்துக்குத்தான், அதன் மேல் பையை வைத்து அடைத்துவிடாதீர்கள். சிலிண்டரை நிமிர்த்தி வைத்துப் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள்.

பற்ற வைக்கும்போது குமிழை அழுத்திப் பிடித்து, தீ பிடித்த பிறகும் பத்து இருபது விநாடி விடாமல் இருக்க வேண்டும். தீயில் நிற்கும் தெர்மோகப்பிள் என்ற சூட்டை உணரும் கம்பி சூடானால்தான் வால்வு திறந்தே இருக்கும், தீ அணைந்தால் அதுவே கேஸை நிறுத்தும். பிடிக்கவில்லையா, சில நிமிடம் விட்டுவிட்டு மறுபடி முயலுங்கள். சுடர் நீலமாக, ஆடாமல் இருக்க வேண்டும். மஞ்சளாக ஆடினாலோ தட்டியில் கரி படிந்தாலோ அணைத்துவிட்டு பர்னரைச் சுத்தம் செய்யக் கொடுங்கள். சும்மா நின்ற வண்டியில் சிலந்தி வலை கட்டியிருப்பது ரொம்ப சகஜம்.

அப்புறம் மட்டம். உள்ளே எல்லாம் புவியீர்ப்பில் கீழிறங்கித்தான் சுற்றுகிறது. வண்டி சாய்ந்து நின்றால் திரவம் திரும்பாது, கொதிகுழாய் வறண்டு சூடேறி, துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த ரசாயனம் படிகமாகி குழாயை அடைத்துவிடும், அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி என்று பல மாடல்களுக்குச் சொல்வார்கள், உங்கள் கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஓடும்போது வண்டி குலுங்குவதால் திரவம் தேங்காது. நிறுத்தி வைத்தால்தான் சிக்கல். சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து, ரசமட்டத்தை உறைபெட்டிக்குள் வைத்துப் பாருங்கள்.

வண்டியை ஓட்டும்போது ஃபிரிட்ஜை 12 வோல்ட் பேட்டரிக்கு மாற்றி, சிலிண்டரை மூடிவிடுங்கள். இன்ஜினை நிறுத்தியதும் 12 வோல்ட்டை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் 10 ஆம்பியருக்கு மேல் இழுத்து ஒரே இரவில் பேட்டரியைக் குடித்துவிடும். பெட்ரோல் பங்கில் நுழைவதற்கு முன்பே தீயை அணைத்திருக்க வேண்டும், இதில் பேச்சே இல்லை. பெட்ரோல் ஆவிக்குப் பக்கத்தில் எரியும் தீயை அப்படியே விட்டுவிட்டு, செல்போனைப் பற்றிக் கவலைப்படுபவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

கசிவு சந்தேகம் இருந்தால் இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சியால் ஒருபோதும் பார்க்காதீர்கள். ஹோஸில் போட்டிருக்கும் தேதி தாண்டினாலோ ஹோஸில் வெடிப்பு விட்டிருந்தாலோ மாற்றிவிடுங்கள். உள்ளே கேஸ் நாற்றம் வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல், எரியும் தீ எல்லாவற்றையும் அணைத்து, சிலிண்டரை மூடி, கதவைத் திறந்துவிட்டு எல்லோரும் இறங்கிவிடுங்கள்.

மூக்கைப் பிளக்கும் அம்மோனியா நெடி வந்தால் அது வேறு கதை. குளிர்க்குழாய் ஓட்டையாகிவிட்டது என்று அர்த்தம், பின்னால் மஞ்சள் பொடியும் கசிந்திருக்கலாம். அந்தப் பொடி விஷம், கையால் தொடாதீர்கள். ஃபிரிட்ஜை அணைத்துக் காற்றோட்டம் கொடுங்கள். ஒட்டுப் போடுவதெல்லாம் நடக்காது, குளிரூட்டும் பகுதியை முழுசாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் வேறு ஃபிரிட்ஜ் வாங்க வேண்டும்.