கூகுளில் உங்கள் கடை தென்பட என்ன செய்யலாம்?

மாங்குளத்தில் என் மச்சான் ஒடியல் மா, புழுக்கொடியல், தேன் விற்கிறார். இணையத்தளமும் செய்வித்திருந்தார். “கடைப் பேரைத் தட்டினாலும் கூகுளில வருகுதில்லை” என்று போன மாதம் மடிக்கணினியோடு வந்து நின்றார். அவருக்குச் செய்து காட்டியதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் தளம் இருப்பது கூகுளுக்குத் தெரியுமா என்று பாருங்கள். தேடல் பெட்டியில் ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தள முகவரியைக் கொடுங்கள். கூகுளின் நிரல்கள் இணைப்புகளைப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் போய் வாசித்து, அட்டவணையில் சேர்த்துவைக்கும். நாம் தேடும்போது அதிலிருந்துதான் எடுத்து வரிசைப்படுத்தும். யாருமே இணைப்புக் கொடுக்காத புதுத் தளம், ஏ9 வீதியிலிருந்து ஒழுங்கை இல்லாத காணி மாதிரி. ஒன்றும் வராவிட்டால் தளச் சொந்தக்காரருக்கென்று கூகுள் வைத்திருக்கும் சேர்ச் கொன்சோலில் பதிந்து, தள வரைபடத்தை, அதாவது உங்கள் பக்க முகவரிகளின் பட்டியலைக் கொடுங்கள். அதற்குக் காசில்லை.

மச்சானின் தளம் வந்தது. ஆனால் தலைப்பு முழுக்க விளங்காத ஆங்கில எழுத்துகள். அப்போதுதான் பிடிபட்டது: தளம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தது! நம் கண்ணுக்கு அது தமிழ். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்தும் குறிகளும். கூகுள் வாசிப்பது உள்ளே இருப்பதைத்தான். உங்கள் தளத்தில் ஒரு வரியைப் பிரதி எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் அது யூனிகோட், உள்ளேயும் தமிழாகவே இருக்கும் முறை; பிரச்சினையில்லை. வராவிட்டால் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள். விலைப்பட்டியலைப் படமாக மட்டும் போட்டிருந்தால் அதையும் எழுத்தில் தட்டுங்கள்.

அடுத்தது தலைப்பு. மாற்றிய பிறகு பார்த்தால் முதற்பக்கத் தலைப்பு வெறும் ‘முகப்பு’. முகப்பு என்று யார் தேடுவார்? கனடாவில் கூழ் காய்ச்ச நினைப்பவர் ‘ஒடியல் மா’ என்றுதான் தட்டுவார். ஆகவே ‘ஒடியல் மா, புழுக்கொடியல், தேன் – மாங்குளம்’ என்று வைத்து, பின்னால் கடைப் பேரைச் சேர்த்தோம். ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பக்கம்: எப்படிக் காயவைத்தது, எத்தனை கிராம், என்ன விலை. அதே சொல்லைப் பத்துத் தரம் திணிக்க வேண்டாம். பக்கத்துக்குள் மறைவாகத் தேடற்சொற்களை எழுதிவைக்கும் குறிச்சொல் மெட்டா பட்டியலும் தேவையில்லை. வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது.

அப்புறம், கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிந்து நேரமும் தொலைபேசி இலக்கமும் போடுங்கள். “முதலிடம் உறுதி” என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள். தேடலில் கூகுள் விற்பது விளம்பர இடத்தை மட்டும்தான்.

மூன்றாம் கிழமை கடைப் பேர் வந்துவிட்டது. ‘ஒடியல் மா’ என்று தட்டினால் மச்சான் இன்னும் இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கிறார்.