என்டிட்டியை இரண்டு தடவை போடாதீர்கள்

இணையப் பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல்லில் &, < போன்ற குறிகளுக்குத் தனிப் பொருள் உண்டு. அவற்றைக் குறியாகவே காட்ட, பதிலுக்கு எழுதும் &#38; போன்ற குறியீடுதான் என்டிட்டி; அப்படி மாற்றுவதுதான் எஸ்கேப். கடைப்பெயர் "மணி & சன்ஸ்" என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தைத் திறந்தால் "மணி &#38; சன்ஸ்" என்று நிற்கிறது, திருத்திச் சேமித்தால் "&#38;#38;" ஆகிறது, ஒவ்வொரு தடவையும் வால் நீண்டுகொண்டே போகிறது. சேமிக்கும்போது ஒரு தடவை, பக்கத்தில் காட்டும்போது டெம்ப்ளேட் (பக்கத்தை உருவாக்கும் அச்சு) இன்னொரு தடவை என்று எஸ்கேப் இரண்டு முறை நடப்பதுதான் காரணம். டேட்டாபேஸில் வெறும் & இருக்கட்டும். எச்டிஎம்எல்லாக வெளியே அனுப்பும் இடத்தில் மட்டும் மாற்றுங்கள்.

இதைச் சரிசெய்கிறேன் என்று சிலர் டெம்ப்ளேட்டின் எஸ்கேப்பையே அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள், பெயர்ப் பெட்டியில் யாரோ ஒருவர் ஸ்கிரிப்ட் டேக் (பக்கத்துக்குள் நிரலை இயக்கும் குறி) எழுதிவிட்டுப் போனால் அது உங்கள் வாசகரின் பிரவுசரில் ஓடும்.

நீங்களே கோட் எழுதி மாற்றுவதாக இருந்தால் வரிசை முக்கியம். முதலில் < குறியை &#60; ஆக்கிவிட்டு அப்புறம் & பக்கம் வந்தால், இப்போதுதான் போட்ட & குறியும் சிக்கி &#38;#60; ஆகிவிடும். எப்போதும் & தான் முதலில்.

தமிழில் எழுதுகிறவர்களை அதிகம் படுத்துவது வேறு. சில பழைய எடிட்டர்கள் தமிழ் எழுத்துகளையே எண்ணாக்கிச் சேமித்துவிடும். "தமிழ்" என்ற சொல் &#2980;&#2990;&#3007;&#2996;&#3021; ஆகிறது, அதாவது எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட்டில் முடிகிற சொல்லுக்கு 35 பைட். இடம்கூடப் பரவாயில்லை, "தமிழ்" என்று தேடினால் கிடைக்காது, நீள வரம்பு உள்ள தலைப்பு ஓர் எண்ணின் நடுவிலேயே அறுந்துபோகும். பக்கத்தை யுடிஎஃப்-8 என்று அறிவித்துவிட்டு எழுத்தை எழுத்தாகவே வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத குறிகளுக்கு எண் போடுவது நல்லதுதான்: "க்ஷ" என்று ஒட்டிக்கொள்ளாமல் "க்‌ஷ" என்று பிரிந்து நிற்க நடுவில் &#8204; போட்டால், திருத்துகிறவருக்கு அங்கே ஒன்று இருப்பது தெரியும்.

சுருள் மேற்கோளுக்கு &#147; என்று எழுதுவது விண்டோஸ் பழக்கம். பிரவுசர் பொறுத்துக்கொள்ளும், ஆனால் சரியான எண் &#8220; தான்.

தரவைப் பரிமாறப் பயன்படும் எக்ஸ்எம்எல் அவ்வளவு பொறுமைசாலி இல்லை. எச்டிஎம்எல்லில் இரண்டாயிரத்துக்கும் மேல் என்டிட்டிப் பெயர்கள் உண்டு; எக்ஸ்எம்எல்லுக்குத் தானாகத் தெரிந்தவை ஐந்தே ஐந்து: &, <, >, இரட்டை மேற்கோள், ஒற்றை மேற்கோள். அதனால் பக்கத்தில் ஒழுங்காக வேலை செய்த என்பிஎஸ்பி (வரி உடையாத இடைவெளி), எக்ஸ்எம்எல்லில் எழுதப்படும் ஆர்எஸ்எஸ் ஃபீடுக்குள் போனதும் அதைப் படிக்கும் பார்சர் அங்கேயே நின்றுவிடும். அந்த இடத்தில் &#160; என்று எண்ணாக எழுதினால் இரண்டிலும் ஓடும்.