லேவியராகமம் 13-ஐத் தாண்டிய விதம்

மூன்று வருஷமாக என் வேதாகம வாசிப்பு ஜனவரி கடைசியில், மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தில் நின்றுபோகும். ஞாயிறு ஐந்து, மற்ற நாள் மூன்று அதிகாரம் என்றால் 1,189 அதிகாரமும் வருஷத்துக்குள் முடியும். கணக்குச் சரிதான். விடிய எழும்பிப் பார்த்தேன், சுன்னாகம் பஸ்ஸிலும் வாசித்துப் பார்த்தேன். சரிவரவில்லை.

நிற்கிற இடத்தை இந்த முறை உற்றுப் பார்த்தேன். அதிகாரங்கள் ஒரே நீளமில்லை: 12ஆம் அதிகாரம் 8 வசனம், 13ஆம் அதிகாரம் 59! சங்கீதப் புத்தகத்தில் இன்னும் மோசம்: 117-இல் 2 வசனம், 119-இல் 176.

அப்புறம் அதிகாரத்தை விட்டுப் பக்கத்தை எண்ணினேன். என் பிரதிக்கு நாளுக்கு நான்கு பக்கம். 28 பக்கத்துக்கு ஒருக்கால் ஓரத்தில் பென்சில் கோடு. அது ஒரு கிழமைக்கான அளவு. ஒரு நாள் தவறினாலும் கோட்டுக்குள் பிடித்துவிடலாம். இப்போது நெகேமியா புத்தகத்தில் நிற்கிறேன், பெரிய நிம்மதி.