பிக்கப்புக்கு வீல், டயர் மாற்றப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன ஐப்பசியில் என் மச்சான் தன் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்புக்கு 285/70 ஆர்17 டயர் போட்டார். கடையிலேயே ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தார்கள், எங்கும் உரசவில்லை. அடுத்த வாரம் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது, அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடி வண்டியை ஒடித்த போதெல்லாம் முன்பக்கம் அமுங்கி, டயர் உள்பக்கத்து பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டே வந்தது. கீழே வந்து பார்த்தால் ஒரு பக்கம் உறையே கிழிந்து தொங்கியது. டயரில் குறை இல்லை, மாட்டியவர் வேலையிலும் குறை இல்லை. காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்திவைத்துச் சோதித்ததுதான் தவறு.

பிக்கப் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் வீல் மாற்றும்போது இதைத்தான் மறந்துவிடுகிறோம். கார் மாதிரி நினைத்துக்கொண்டு, நிற்கும்போது எப்படித் தெரிகிறது என்று பார்த்து அளவைத் தேர்ந்தெடுக்கிறோம். பின்னால் பாடி இருக்கிறது, அதில் எடை ஏறும், ஏறினால் வண்டி அமுங்கும், அந்த எடையை டயரும் ரிம்மும் தாங்க வேண்டும். அதனால் என் கணக்கில் முதலில் எடை, அப்புறம் உயரம், அப்புறம் ஹப்பில், அதாவது சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதியில், சரியாக உட்காருகிறதா என்பது. அழகு அதற்கெல்லாம் பிறகு.

முதல் தவறு, டயர் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் கடைக்குப் போவது. ஹைலக்ஸின் 265/65 ஆர்17 112எஸ் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 265 என்பது அகலம், மி.மீ. கணக்கில். 17 என்பது ரிம் விட்டம், அங்குலத்தில். நடுவில் இருக்கும் 65 மி.மீ. கிடையாது, அது சதவீதம். பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 சதவீதம் என்று அர்த்தம். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். "அதே 65 தானே, கொஞ்சம் அகலம் மட்டும் கூட்டுகிறேன்" என்று 285/65 ஆர்17 வாங்கினால் டயரின் மொத்த விட்டமும் 776 மி.மீ.யிலிருந்து 802க்குப் போய்விடும். அகலத்தைச் சதவீதத்தால் பெருக்கி, அதை இரண்டு மடங்காக்கி, ரிம் அங்குலத்தை 25.4ஆல் பெருக்கி வருவதோடு கூட்டினால் மொத்த விட்டம். ஃபோனில் ஒரு நிமிட வேலை. இதைச் செய்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: ஹைலக்ஸின் 265/65 ஆர்17உம் அதன் மேல் வேரியன்ட்டில் வரும் 265/60 ஆர்18உம் கிட்டத்தட்ட ஒரே உயரம்தான், ஒரு மி.மீ. வித்தியாசம். ரிம் பெரிதானால் வண்டி உயரும் என்று நினைப்பதே தப்பு.

கடைசியில், வேகக் குறியான எஸ்ஸுக்கு முன்னால் நிற்கும் அந்த 112 இருக்கிறதே, பிக்கப் வைத்திருப்பவருக்கு அதுதான் மிக முக்கியமான எண், கடையில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. அது சுமைக் குறியீடு. 112 என்றால் ஒரு டயர், அதற்குரிய காற்றழுத்தத்தில், 1120 கிலோ வரை தாங்கும். 107 என்றால் 975 கிலோ. வெறும் ஐந்து எண் குறைகிறது, என்ன ஆகிவிடும் என்று தோன்றும். 20 அங்குல அலாய் ஆசையில் 265/50 ஆர்20 107 போடுகிறோம் என்று வையுங்கள். உயரம் 773 மி.மீ., பழைய டயருக்கு ஏறக்குறைய சமம், மீட்டர் சரியாகக் காட்டும், உரசவும் உரசாது, எல்லாம் பொருந்திவிட்டது போல இருக்கும். ஆனால் பின் ஆக்சிலில் இரண்டு டயருக்கும் சேர்த்து 290 கிலோ தாங்கும் திறன் போய்விட்டது. கிட்டத்தட்ட ஆறு சிமெண்ட் மூட்டை. அதோடு பக்கச்சுவர் 172 மி.மீ.யிலிருந்து 132க்கு இறங்கிவிட்டது, அதனால் லோடோடு ஒரு பள்ளத்தில் இறங்கினால் அந்த அடி நேராக ரிம்முக்குப் போகும். அதே அளவில் கூடுதல் சுமை தாங்கும் வகையும் கிடைக்கும், 111 என்று எழுதியிருக்கும். அளவு ஒன்றாக இருந்தாலும் குறியீடு ஒன்றாக இருக்காது, கேட்டு வாங்க வேண்டும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதிலோ வண்டியோடு வந்த புத்தகத்திலோ கம்பெனி சொன்ன டயர் அளவும் காற்று அளவும் இருக்கும். அங்கே இருப்பதைவிடக் குறைந்த சுமைக் குறியீட்டை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள்.

டயருக்கு எடைக் கணக்கு உண்டு என்றாவது சிலருக்குத் தெரியும், ரிம்முக்கும் உண்டு என்பது தெரியாது. அலாய் வீலின் பின்பக்கமோ ஆரத்திலோ எத்தனை கிலோ தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். பின் ஆக்சிலுக்கு அனுமதித்த மொத்த எடையில் பாதியாவது அந்த எண் இருக்க வேண்டும். ஜப்பானியக் குறிகளில் ஜே.டபிள்யூ.எல் என்பது பயணிகள் காருக்கான தரம், ஜே.டபிள்யூ.எல்-டி என்பது லாரி, பஸ் வகைக்கு. எந்தக் குறியும் எடையும் இல்லாத அலாயைப் பிக்கப்பில் மாட்டவே வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

சரி, உயரத்துக்கு வருவோம். 285/70 ஆர்17இன் விட்டம் 831 மி.மீ., அதாவது பழையதைவிட 7 சதவீதம் கூடுதல். இதனால் தரைக்கும் வண்டிக்கும் இடையே எவ்வளவு கூடும்? 55 மி.மீ. என்று நினைத்தால் தவறு, அதில் பாதிதான், 27 மி.மீ. மீதிப் பாதி ஆக்சிலுக்கு மேலே, உரசும் பக்கத்துக்குப் போகிறது. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி பழைய கணக்கைவிட 7 சதவீதம் வேகமாக ஓடும், ஏறக்குறைய 86. கம்பெனி மீட்டர்கள் பொதுவாகக் கொஞ்சம் கூட்டியே காட்டும் என்பதால் ஒரு பகுதி ஈடாகிவிடும், ஆனால் கேமரா வைத்த நெடுஞ்சாலையில் அதை நம்பி ஓட்ட முடியாது. கிலோமீட்டரும் குறைவாகத்தான் ஏறும்: மீட்டர் 10,000 காட்டும்போது வண்டி 10,700 ஓடியிருக்கும், ஆயில் மாற்றுவதும் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். "பெரிய டயர் போட்டதும் மைலேஜ் 12லிருந்து 11க்கு விழுந்துவிட்டது" என்று சொல்கிறவர்கள் அந்த 11ஐ 1.07ஆல் பெருக்கிப் பார்க்கவேண்டும், 11.8 வரும். விழுந்தது உண்மை, ஆனால் அவ்வளவு இல்லை. இழுவையில் வரும் குறைதான் நிஜமாக உறைக்கும். பெரிய சக்கரம் என்றால் எல்லா கியரும் ஒரு படி நீளமாகிவிட்டது போல. லோடோடு மலை ஏறும்போது மூன்றாவதில் போன இடத்தில் இரண்டாவது கேட்கும். கனமான ஆல்-டெரெய்ன் டயராக இருந்தால் ஒவ்வொன்றிலும் ஏழெட்டு கிலோ கூடும், பிரேக்குக்கும் அது கூடுதல் வேலை. என்னைக் கேட்டால், வேறு எதையும் மாற்றாமல் போட வேண்டுமானால் மூன்று, மூன்றரை சதவீதத்தைத் தாண்டாதீர்கள்.

அடுத்தது ஹப். "ஆறு நட்டு, 139.7 பி.சி.டி., அப்படியே உட்காரும்" என்று கடையில் சொல்வார்கள். பி.சி.டி. என்பது நட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம், மி.மீ. கணக்கில். ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், வி-கிராஸ், மிட்சுபிஷி பஜேரோ ஸ்போர்ட் எல்லாமே 6x139.7தான். ஆனால் நடு ஓட்டை வேறு. டொயோட்டாவில் அது 106.1 மி.மீ., பஜேரோ ஸ்போர்ட்டில் 67.1. பஜேரோ ஸ்போர்ட் வீல் ஹைலக்ஸ் ஹப்பில் உள்ளே போகவே போகாது. ஓட்டை பெரிதாக இருந்தால் போகும், ஆனால் வீல் ஹப்பின் மேல் உட்காராமல் நட்டுகளை மட்டும் நம்பி நிற்கும், 80ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்கும், எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் போகாது. அதற்குச் சரியான அளவில் ஹப் வளையம் போட வேண்டும். வளைகுடாவில் ஃபோர்டு எஃப்-150 ஓட்டுகிறவர்கள் கவனிக்க: 2004 முதல் அது 6x135, மற்ற ஆறு நட்டு வீல்களிலிருந்து 4.7 மி.மீ.தான் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது.

நட்டையும் பாருங்கள். டொயோட்டாவின் கம்பெனி அலாய்க்கு வரும் நட்டின் அடி தட்டையாக, வாஷரோடு இருக்கும். வெளியில் வாங்கும் அலாய்க்குப் பெரும்பாலும் கூம்பு நட்டு வேண்டும். பழைய நட்டையே போட்டு முறுக்கினால் இறுகியது போலத் தெரியும், ஆனால் உட்காராது. வீல் மாற்றி 80, 100 கிலோமீட்டர் ஓடியதும் இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சு வைத்து மறுபடி ஒரு முறை இறுக்கிக்கொள்ளுங்கள்.

வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் சக்கரம் எல்லாருக்கும் பிடிக்கிறது. அதைத் தீர்மானிப்பது ஆஃப்செட், அதாவது ரிம் அகலத்தின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம், மி.மீ.யில்; ஈ.டி. என்று எழுதியிருக்கும். 7.5 அங்குல அகலத்தில் ஈ.டி. 30 உள்ள ரிம்மை எடுத்துவிட்டு 9 அங்குலத்தில் ஈ.டி. 0 போட்டால், வெளி விளிம்பு 49 மி.மீ. வெளியே போகும். ரிம் அகலத்தால் 19, ஆஃப்செட்டால் 30. அப்புறம் நடப்பது: வீல் பேரிங்கில் விழும் எடை வெளியே தள்ளிப்போகிறது, பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கிறது, ஒடிக்கும்போது டயர் பெரிய வட்டம் போடுவதால் பம்பர் மூலையில் இடிக்கிறது, சேறும் கல்லும் கதவு முழுக்க அடிக்கிறது. வீலுக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் தட்டு போட்டாலும் இதே கதைதான். லோடு ஏற்றும் வண்டிக்குக் கம்பெனி ஆஃப்செட்டிலிருந்து பத்து, பதினைந்து மி.மீ.க்கு மேல் விலக வேண்டாம் என்பது என் கருத்து.

காற்று விஷயத்தில் இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. டயர் பக்கத்தில் எழுதியிருக்கும் அதிகபட்ச அழுத்தத்தையே அடிக்க வேண்டிய அளவு என்று எடுத்துக்கொள்வது ஒன்று. எல்.டி. வகை கனரக டயர் சிலவற்றில் 80 பி.எஸ்.ஐ. என்று இருக்கும், அது எல்லை மட்டும்தான். மற்றொன்று, எல்.டி. டயரை மாட்டிவிட்டுப் பழைய ஸ்டிக்கர் அளவிலேயே காற்று வைப்பது. அதே எடையைத் தாங்க எல்.டி. டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும், இல்லையென்றால் லோடில் பக்கச்சுவர் மடங்கிச் சூடாகும்.

ஸ்டெப்னியை மறந்தே போகிறோம். பாடிக்கு அடியில் இருக்கும் இடத்தில் பெரிய டயர் நுழையாது, அதனால் பழையதையே விட்டுவிடுகிறார்கள். ஒரே ஆக்சிலில் இரண்டு உயரத்தில் சக்கரம் ஓடினால் டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்யும், அந்த நிலையில் 4x4 போட்டுத் தார்ச்சாலையில் ஓட்டினால் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸே போகலாம். வாங்கினால் ஐந்தாக வாங்குங்கள்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. மஞ்சள் போர்டு சரக்கு வண்டியாக இருந்தால் பதிவுப் படிவத்திலேயே டயர் அளவு கேட்கிறார்கள், எஃப்.சி.க்குப் போகும்போது தொல்லை வரும்.

என் மச்சான் அந்த நான்கையும் விற்றுவிட்டார், கொஞ்சம் நஷ்டம்தான். இப்போது அதே கம்பெனி ரிம்மில் 265/70 ஆர்17, சுமைக் குறியீடு 115, ஐந்து டயர் போட்டிருக்கிறார். விட்டம் 803, கூடுதல் மூன்றரை சதவீதத்துக்குள், ஒரு டயர் 1215 கிலோ தாங்கும், ஸ்டெப்னியும் அதன் இடத்தில் உட்கார்ந்தது. இந்த முறை பாடியில் மூட்டைகளை ஏற்றி, ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தி, இரண்டு பக்கமும் ஒடித்து, பின்னோக்கியும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தார்.